பூமி பூஜைக்கு முன்னால் ஒரு புல வரைபடம்

வாஸ்து புருஷன் கண் விழிக்கும் நாட்கள் ஆண்டுக்கு எட்டு என்று பஞ்சாங்கம் சொல்லும். தை 12, மாசி 22 இரண்டும் அவற்றில் அடக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிற்றூர்களில் வீடு கட்ட நினைக்கும் குடும்பம் முதலில் குறித்துக்கொள்வது இந்த நாளைத்தான். அடுத்து கொத்தனாருக்கு முன்பணம், செங்கல்லுக்கும் எம்-சாண்டுக்கும் சொல்லிவைப்பது, உறவினர்களுக்கு அழைப்பு. எல்லாம் முடிந்து பத்து நாள் மீதமிருக்கும்போது யாராவது ஒருவர் கேட்பார்: "பிளான் அப்ரூவல் வாங்கிவிட்டீர்களா?" அப்போதுதான் வீட்டுப் பெரியவர் பத்திரத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்கு ஓடுகிறார்.

அங்கே கிடைக்கும் பதிலில் வீட்டைப் பற்றிய பேச்சே பெரும்பாலும் இருப்பதில்லை. "உங்கள் பெயர் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது." "மனைப்பிரிவு வரன்முறை ஆகவில்லை." "புல வரைபடத்தில் இந்த உட்பிரிவே இல்லை." எல்லாம் மண்ணைப் பற்றிய கேள்விகள். வீட்டு வரைபடத்தில் உள்ள பிழையை ஒரே மாலையில் திருத்திவிடலாம். நிலத்தின் ஆவணத்தில் உள்ள பிழை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கட்டிட அனுமதி கிடைக்குமா என்பது, மனைக்கு முன்பணம் கொடுத்த அன்றே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. அலுவலகத்தின் மேசையில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

யார் அனுமதி தருகிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நகராட்சி. 2019 முதல் ஓசூரில் மாநகராட்சி. பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம், கெலமங்கலம் போன்ற ஊர்களில் பேரூராட்சி. அங்கே செயல் அலுவலர்தான் கையெழுத்திடுபவர். மற்ற இடங்களில் கிராம ஊராட்சி. இவற்றுக்கு மேலே நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அலுவலகம் இருக்கிறது. சென்னைப் பெருநகருக்கு வெளியே 10,000 சதுர அடிக்கும் 8 குடியிருப்புகளுக்கும் உட்பட்ட வீடுகளுக்கு உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரும் வகையில் அதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சாதாரணக் குடும்பம் கட்டும் வீட்டுக்கு மாவட்டத் தலைநகர் வரை அலைய வேண்டிய தேவை பொதுவாக இல்லை. எந்த ஊராக இருந்தாலும் கட்டிடத்தின் அளவுகளைத் தீர்மானிப்பது ஒரே விதித் தொகுப்பு: 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். அதற்கு முன் மாநகராட்சிக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று தனித்தனி விதிகள் இருந்தன. பெங்களூருச் சாலையோரம் ஒரே தெருவின் ஒரு பக்கம் பேரூராட்சியாகவும் மறுபக்கம் ஊராட்சியாகவும் இருக்கும் ஊர்களில் அது எவ்வளவு குழப்பம் தந்தது என்பது அங்கே கட்டியவர்களுக்குத் தெரியும்.

2024 ஜூலை 22 அன்று சுயசான்று முறை தொடங்கிவைக்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ தரைத்தளத்துடன் முதல் தளமோ கொண்ட குடியிருப்பு என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றி, கட்டணத்தைச் செலுத்தி, உடனடியாக அனுமதியைப் பெறலாம். முன்கூட்டிய கள ஆய்வு கிடையாது. கட்டி முடித்தபின் பணி நிறைவுச் சான்றும் வேண்டியதில்லை. இது நல்ல மாற்றம் என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கிறது என்று தெரியாமல், கூலி வேலையை விட்டுவிட்டு வாரம் இருமுறை பஸ் ஏறியவர்களின் இழப்பைக் கணக்கில் எடுத்தால் இதன் அருமை புரியும்.

ஆனால் 'சுயசான்று' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். சான்று தருபவர் நீங்கள். நிலம் என்னுடையது, அளவு இதுதான், வரைபடம் விதிகளுக்கு உட்பட்டது என்று உறுதி சொல்வது நீங்களும் உங்கள் பதிவுபெற்ற பொறியாளரும். முன்பு அலுவலகத்தில் யாரோ ஒருவர், அரைகுறையாகவேனும், புல வரைபடத்தை விரித்துப் பார்த்தார். இப்போது அந்தப் பார்வை உங்கள் பொறுப்பு. சொன்னது தவறு என்று பின்னால் தெரிந்தால், உடனடியாகக் கிடைத்த அதே அனுமதி ரத்தாகவும் செய்யலாம். அப்போது கடைக்கால் முடிந்து சுவர் எழும்பியிருக்கும். ஆகவே எளிதாக்கப்பட்ட முறையில்தான் நில ஆவணத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆவணங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பத்திரம் என்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே நடந்ததைச் சொல்கிறது. பட்டா, வருவாய்த் துறை யாரை உரிமையாளராகக் குறித்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. புல வரைபடம், அந்த நிலம் தரையில் எங்கே, எந்த வடிவில், எத்தனை மீட்டர் பக்கங்களோடு கிடக்கிறது என்பதைச் சொல்கிறது. மூன்றும் ஒன்றையே சொல்லவேண்டும். நம் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு இந்த மூன்றும் மூன்று கதை சொல்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. தாத்தா பெயரில் இரண்டு ஏக்கர் புஞ்சை. நான்கு பிள்ளைகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு, வரப்புப் போட்டு, முப்பது ஆண்டுகள் உழுதார்கள். ஒருவர் தன் பங்கில் ஏழு சென்ட்டை விற்கிறார். பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை, எழுதப்படுகிறது: வடக்கே அண்ணன் நிலம், கிழக்கே வண்டிப்பாதை. பத்திரம் பதிவாகிவிட்டது. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் அந்தச் சர்வே எண் இன்னும் உடையவில்லை. நான்கு பெயர்களும் ஒரே பட்டாவில் இருக்கின்றன. ஐந்தாவதாக வாங்கியவரின் பெயர் சேர்கிறது. இதுதான் கூட்டுப் பட்டா. உங்களுக்கு ஏழு சென்ட் உண்டு என்று அது ஒப்புக்கொள்ளும். அந்த ஏழு சென்ட் எது என்று சொல்லாது. செக்குபந்தியில் எழுதிய வண்டிப்பாதை புல வரைபடத்தில் இருக்காது, ஏனென்றால் அது யாரோ ஒருவரின் பட்டா நிலத்தில் வழக்கத்தால் உண்டான தடம். அங்கே வீட்டுக்கு அனுமதி கேட்டால், 'மனைக்கு வழி எது' என்ற கேள்விக்கு விடை இல்லை.

இதைத் தீர்க்கும் வழி உட்பிரிவு. கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால் தாலுகா அலுவலகத்திலிருந்து சர்வேயர் வந்து அளந்து, சர்வே எண்ணை 112/3 என்பதிலிருந்து 112/3அ1 என்பதுபோல உடைத்து, புது எல்லையை வரைபடத்தில் ஏற்றுவார். பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்புப் போகும். பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் இருந்தால் இங்கேதான் வெளிப்படும். ஒருவர் ஆட்சேபம் சொன்னால் வேலை நின்றுவிடும். அதனால்தான் சொல்கிறேன்: வீடு கட்டுவதற்கு ஓராண்டு முன்பே, உறவு சீராக இருக்கும் காலத்தில், அளந்து கல் நட்டுக்கொள்ளுங்கள். மனை வாங்குபவராக இருந்தால், உட்பிரிவு செய்த தனிப் பட்டா கையில் வந்த பிறகு மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை 1975 முதல் பதிவுத் துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டாவும் புல வரைபடமும் வீட்டிலிருந்தே பார்க்கக் கிடைக்கின்றன. ஒரு மணி நேர வேலை இது. பல லட்சம் கொடுக்கும் முன் அந்த ஒரு மணி நேரத்தைச் செலவிடாதவர்கள் இத்தனை பேர் இருப்பது எனக்கு வேதனை தருகிறது.

ஊருக்குள் இருக்கும் பழைய குடியிருப்புப் பகுதி வேறு வகை. அது நத்தம். அங்கே தாய்ப் பத்திரமே இல்லாத வீடுகள் உண்டு. நத்தம் நிலவரித் திட்டத்தில் தரப்பட்ட பட்டாதான் ஆதாரம். பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது தாத்தா பெயரில் இருக்கும் அந்தப் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றியாக வேண்டும்.

இனி மனைப்பிரிவுக்கு வருவோம். நெடுஞ்சாலையோரம் மாந்தோப்பாக இருந்த இடங்களில் கல் நட்டுக் கொடி கட்டி மனைகளாக விற்றதை நம் இரண்டு மாவட்டங்களும் பார்த்திருக்கின்றன. அவற்றில் பலவற்றை விற்றவர்கள் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்றார்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட ஒரு வரைபடம் இருக்கும். நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் அந்தக் கையெழுத்துக்கு மனைப்பிரிவை அங்கீகரிக்கும் வலு கிடையாது. வாங்கிய எளிய மக்களுக்கு அது தெரியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவானதே அரசின் ஒப்புதல் என்று நம்பினார்கள்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல், அத்தகைய மனைகளின் பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2017 மே மாதம், அங்கீகாரமின்றி விற்ற மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தபோது எல்லைக்கோடாக வைக்கப்பட்டது அந்த அக்டோபர் 20-தான். அந்த நாளுக்கு முன் பதிவுபெற்ற பத்திரத்தோடு விற்பனையான மனைகளைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம். முதலில் முழு மனைப்பிரிவின் சாலைகளும் அமைப்பும் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். பிறகு தனித்தனி மனைக்கு ஆணை. விண்ணப்பிப்பதற்கான காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஆனால் அந்த எல்லை நாளுக்குப் பிறகு விவசாய நிலத்தைத் துண்டு போட்டு விற்றால் வாங்கியவருக்கு இந்த வழி இல்லை. இன்றும் 'இப்போது வாங்குங்கள், அடுத்த முறை வரன்முறை அறிவிப்பார்கள்' என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். முறையாகப் பிரிப்பவர் நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவு பெறுவார், சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக்கொடுப்பார். 500 சதுர மீட்டருக்கும் 8 மனைகளுக்கும் மேற்பட்டது என்றால் கட்டிட மனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் (ரெரா) பதிந்து அந்த எண்ணை விளம்பரத்தில் போடுவார்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? நமக்குச் சொந்தமான மண்ணில் நாம் வீடு கட்டிக்கொள்ள அரசு ஏன் குறுக்கே நிற்கிறது என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு சிறு கணக்கால் விடை சொல்லலாம்.

நம் ஊர்களில் அதிகம் விற்கும் மனை 30-க்கு 40 அடி, 1,200 சதுர அடி, இரண்டே முக்கால் சென்ட். கொத்தனார் மூலைமட்டம் பார்க்க மூன்று, நான்கு, ஐந்து என்று கயிறு பிடிப்பாரே, அந்தக் கணக்கின்படி இந்த மனையின் மூலைக்கு மூலை சரியாக 50 அடி. மீட்டரில் 15-க்குக் கொஞ்சம் மேல். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் செப்டிக் டேங்க் வேண்டும். அதிலிருந்து வெளியேறும் நீர் உறைகுழியில் இறங்கி மண்ணுக்குள் போகும். குடிநீர்க் கிணற்றுக்கும் உறைகுழிக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆக, இந்த மனையின் ஒரு மூலையில் போர் போட்டு, எதிர் மூலையில் உறைகுழி தோண்டினாலும் அந்த இடைவெளி கிடைக்காது. பக்கத்து மனைக்காரர் தன் உறைகுழியை உங்கள் சுவரை ஒட்டித் தோண்டினால் நிலைமை இன்னும் மோசம். இரண்டே முக்கால் சென்ட்டில் தனியொரு குடும்பம் எவ்வளவு அக்கறையாக இருந்தாலும் தன் குடிநீரைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குழாய்வழிக் குடிநீர், வடிகால், கழிவு வண்டி நுழையும் அகலத்தில் தெரு ஆகியவை மொத்த மனைப்பிரிவுக்கும் சேர்த்து யோசிக்கப்பட வேண்டும். மனைப்பிரிவு அங்கீகாரம் கேட்பதன் சாரம் இதுதான்.

வீட்டைச் சுற்றி இடம் விடச் சொல்வதும் இதே வகை. முன்னால், பக்கத்தில், பின்னால் எவ்வளவு விடவேண்டும் என்பது தெருவின் அகலம், மனையின் அகலம், கட்டிடத்தின் உயரம் மூன்றையும் பொறுத்து மாறும். தளப்பரப்புக் குறியீடு 2 என்பதால், 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்ந்து 2,400 சதுர அடி வரை போகலாம். இந்த எண்ணைக் கேட்டதும் சுவரிலிருந்து சுவர் வரை கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். விடவேண்டிய இடத்தை விட்டபின்தான் அந்த எண்ணுக்குப் பொருள்.

மழைநீர் சேகரிப்புக் குழியைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் அது கட்டாயம். வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு 'ம.நீ.சே.' என்று எழுதிவிடுகிறார்கள். தரையில் அந்தக் குழி பெரும்பாலும் இருப்பதில்லை. வேறெந்த மாவட்டத்திலும் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், நம் மாவட்டங்களில் முடியாது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாகவும் பெரியவர்களின் மூட்டில் வலியாகவும் தங்கிய மண் இது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் 74 ஆயிரம் லிட்டருக்குப் பக்கம். வீணாவது போக 60 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 20 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 7,300 லிட்டர் போதும். வடிகட்டிய மழைநீரை ஒரு தொட்டியில் பிடித்து வைக்கும் வீட்டுக்கு ஃபுளோரைடு இல்லாத நீர் தலைக்கு மேலேயே இருக்கிறது. வரைபடத்தில் வட்டம் போடும் பொறியாளரிடம், அதைத் தரையில் எங்கே தோண்டப்போகிறோம் என்று கேளுங்கள்.

நீர் வழிகளும் அப்படித்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. ஏரி நிரம்பி வந்த வெள்ளம் சாலையில் நின்ற வாகனங்களை உருட்டிக்கொண்டு போனதைத் தமிழ்நாடே பார்த்தது. பல ஆண்டுகள் வறண்டு கிடக்கும் ஓடையை யாரும் ஓடையாக நினைப்பதில்லை. புல வரைபடம் மட்டும் அதை மறப்பதில்லை. அதில் ஓடைப் புறம்போக்கு தனி எண்ணோடு வரையப்பட்டிருக்கும். நீர்நிலையை ஒட்டிய மனையின் விண்ணப்பத்தில் கூடுதல் நிபந்தனைகள் வரும். அப்படி வந்தால் அலுவலரைக் கோபிக்காமல் ஊரில் மூத்தவரிடம், ஏரி நிரம்பிய ஆண்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

கட்டணங்களில் ஒன்று மட்டும் சொல்லத் தகுந்தது. கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்காக மதிப்பீட்டில் 1 சதவீதம் பெறப்படுகிறது. 1994-இல் அமைந்த நல வாரியத்துக்குப் போகும் பணம் அது. பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பெங்களூருக்குச் சித்தாளாகவும் கொத்தனாராகவும் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! ஊரூராகப் போய் அடுக்குமாடி கட்டியவர், ஐம்பது வயதில் திரும்பி வந்து தன் இரண்டே முக்கால் சென்ட்டில் ஒரு வீடு கட்ட நினைக்கும்போது, 'மனை வரன்முறை ஆகவில்லை' என்ற ஒரு வரி அவரை வாசலில் நிறுத்துகிறது. அவருக்கு மனையை விற்றவர் அதற்குள் அடுத்த தோப்புக்குப் போயிருப்பார். இந்தத் துறையில் எனக்கு மிகவும் உறுத்தும் அநியாயம் இது.

பொறியாளரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மனையைப் பார்க்காமலே, பத்திரத்தில் உள்ள அளவை வைத்து ஒரே மாதிரி வரைபடத்தில் கையெழுத்திட்டுத் தருபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கட்டணம் குறைவு, வேலை வேகம். சுயசான்றில் அவருடைய கையெழுத்தும் உங்களுடையதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நாடாவைப் பிடித்து நான்கு பக்கமும் அளந்து, பத்திரத்தில் 40 அடி இருக்கிறது, தரையில் 38 தான் இருக்கிறது என்று சொல்பவரிடம் போங்கள். இணையதளத்தின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உங்கள் கைப்பேசி எண்ணில் இருக்கட்டும். இடைத்தரகர் எண்ணில் பதிந்தால், அனுமதி வந்ததே தெரியாமல் காத்திருப்பீர்கள். செலுத்திய கட்டணத்தின் உண்மையான தொகையும் தெரியாது.

அனுமதி வந்தபின் செய்ய வேண்டியவை சில. கட்டுமானத்துக்கான தற்காலிக மின் இணைப்பின் கட்டணம் வீட்டு இணைப்பைவிட அதிகம்; ஆகவே வீடு முடிந்ததும் மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். கட்டும்போது மனம் மாறி ஓர் அறையை நீட்டினால், சுவர் எழும்பும் முன் திருத்திய வரைபடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கடன் வாங்கியவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் மதிப்பீட்டாளர் ஒவ்வொரு தவணைக்கும் அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார். சொத்து வரி விதிக்கும்போதும் அளவு ஒப்பிடப்படும். அனுமதி ஆணை, முத்திரையிட்ட வரைபடம், கட்டண ரசீது, உட்பிரிவு ஆணை நான்கையும் அச்செடுத்துத் தாய்ப் பத்திரத்தோடு ஒரே உறையில் வையுங்கள். மகளோ மகனோ இருபது ஆண்டுகள் கழித்து மாடியில் ஒரு தளம் எழுப்பப் போகும்போது அந்த உறையைத்தான் முதலில் கேட்பார்கள்.